அப்பாவின் பைப்

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற புகைபிடிக்கும் பைப்பின் கறுப்பு வாய்ப்பகுதி பச்சையும் பழுப்புமாக மாறிவிட்டது. வாயில் வைத்தால் கசக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். அது எபொனைட். ரப்பருடன் நிறையக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டியாக்கிய பொருள். வெளிச்சமும் காற்றும் பட்டால் மேற்பரப்பு நிறம் மாறும். கசப்பும் கந்தக வாடையும் அதனால்தான். உள்ளே இன்னும் கறுப்பாகவே இருக்கும்.

என் தாத்தாவின் பைப் பல வருடம் ஜன்னலோரம் கிடந்து இப்படித்தான் ஆனது. வெந்நீரில் கழுவினேன், நிறம் இன்னும் மோசமானது. அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம். 600 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். அப்புறம் 1000, 2000 என்று போங்கள். முத்திரை இருந்தால் அதன்மேல் டேப் ஒட்டிவிடுங்கள், அழிந்தால் திரும்ப வராது. மரத்தோடு சேரும் விளிம்பைத் தேய்த்து மழுங்கடித்துவிடாதீர்கள். வாய்ப்பகுதியை மரத்தில் பொருத்தி வைத்தே அந்த இடத்தைத் தேய்ப்பது நல்லது. இதற்கு எனக்கு மூன்று சாயங்காலம் ஆனது. கடைசியில் அந்தக் கறுப்பு திரும்பியபோது தாத்தாவே எதிரில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

துளையைப் பைப் கிளீனரால் (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) துடையுங்கள். மினரல் ஆயிலை மெல்லியதாகத் தடவி, வெளிச்சம் படாத டப்பாவில் வையுங்கள். புகைக்கிறவர் யாராவது எடுத்தால் ஒன்று சொல்லிவையுங்கள்: சூடாக இருக்கும்போது வாய்ப்பகுதியைக் கழற்றக்கூடாது, மரம் விரிசல் விடும்.

அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் செய்த வாய்ப்பகுதி இப்படி நிறம் மாறாது. ஆனால் அதன்மேல் ஆல்கஹால் மட்டும் படக்கூடாது.