அழைப்பிதழில் ‘முனைவர்’ என்று எப்போது போடலாம்?

கேள்வி: வேதியியலில் பிஎச்.டி. ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டேன். வைவா என்ற வாய்மொழித் தேர்வு இன்னும் நடக்கவில்லை. அடுத்த மாதம் எனக்குத் திருமணம். அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ என்று போடச் சொல்கிறார் அப்பா. வேதியியல் படித்தவளுக்கு எதற்குத் ‘தத்துவ’ முனைவர் பட்டம் என்று கேட்கிறார் மாமா. என்ன செய்வது, என்ன சொல்வது?

பதில்: வாழ்த்துகள் அம்மா. அப்பாவின் பெருமை புரிகிறது, ஆனாலும் இப்போது போட வேண்டாம். உங்கள் ஆய்வேட்டை நெறியாளரோடு குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்கள் படித்து அறிக்கை தர வேண்டும். யாராவது திருத்தம் கேட்டால் திருத்திக் கொடுக்க வேண்டும். என் மாணவி ஒருவருக்கு ஒரே ஓர் அட்டவணையைச் சரிசெய்து அனுப்பியதில் நான்கு மாதம் ஓடிவிட்டது. வைவா முடிந்து, தேர்வாளர்கள் பரிந்துரைத்து, பல்கலைக்கழகம் அதை ஏற்றுத் தற்காலிகச் சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். பட்டமளிப்பு விழா வரை காத்திருக்கத் தேவையில்லை. இப்போதைக்கு ‘எம்.எஸ்சி., (பிஎச்.டி.)’ என்று பெயருக்குப் பின்னால் போடுங்கள். அடைப்புக்குறி இருந்தால் படிப்பு இன்னும் முடியவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

சரி, மாமாவின் கேள்வி. பிஎச்.டி. என்பதன் விரிவு ‘டாக்டர் ஆஃப் ஃபிலாசஃபி’, அதாவது தத்துவ முனைவர். லத்தீனில் ‘டொகேரே’ என்றால் கற்பித்தல். அதிலிருந்து வந்த ‘டாக்டர்’ முதலில் ஆசிரியரைத்தான் குறித்தது. இடைக்கால ஐரோப்பாவில் அந்தப் பட்டம் கற்பிப்பதற்கான உரிமம். இறையியல், சட்டம், மருத்துவம் மூன்றும் அங்கே உயர் புலங்கள். மற்ற படிப்புகள் தத்துவம் என்ற ஒரே கூரையின் கீழ் இருந்தன. இன்று நாம் அறிவியல் என்பதும் அதற்குள்தான். நியூட்டன் 1687இல் வெளியிட்ட இயற்பியல் நூலின் தலைப்பிலேயே ‘இயற்கைத் தத்துவம்’ என்றுதான் இருக்கிறது. பிறகு ஜெர்மனியில், குறிப்பாக 1810இல் தொடங்கிய பெர்லின் பல்கலைக்கழகத்தில், ஆராய்ச்சிதான் பல்கலைக்கழகத்தின் உயிர் என்ற எண்ணம் வேரூன்றியது. தத்துவப் புலத்தின் டாக்டர் பட்டம் ஆராய்ச்சிப் பட்டமாக வளர்ந்தது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1861இல் அதை வழங்கியது. ஆக்ஸ்ஃபோர்டு 1917இல்தான் ஏற்றுக்கொண்டது. துறைகள் தனித்தனியாகப் பிரிந்த பிறகும் பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

மிக உயர்ந்த பட்டம் இதுதானா என்றும் யாராவது கேட்பார்கள். படித்து, ஆய்வேடு எழுதி வாங்குவதில் பெரும்பாலோருக்கு இதுவே உச்சம். இதற்கும் மேலே டி.எஸ்சி. (அறிவியல் முனைவர்), டி.லிட். (இலக்கிய முனைவர்) உண்டு.

எனக்கு ‘டாக்டர்’ என்பதைவிட ‘முனைவர்’ என்ற சொல்தான் பிடிக்கும். தொல்காப்பிய மரபியலில் ‘வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன் கண்டது முதல்நூல் ஆகும்’ என்று வருகிறது. உரைகாரர்கள் அந்த முனைவனை இறைவனாகக் கொண்டார்கள். அது இருக்கட்டும், அதே இடத்தில் வழிநூல் என்று இன்னொன்றும் பேசப்படுகிறது. முன்பு சொன்னதைத் தொகுப்பது, விரிப்பது, மொழிபெயர்ப்பது எல்லாம் வழிநூல். ஒருவர் தாமே கண்டு சொன்னது முதல்நூல். பிஎச்.டி. ஆய்வேட்டிடம் கேட்பதும் அதைத்தான். முந்நூறு பக்கம் தொகுத்து விரித்திருந்தாலும், நீங்களாகக் கண்ட ஒன்று அதில் இருக்க வேண்டும். அது வேதிவினையில் ஈடுபடும் ஒரு வினைபடுபொருளைப் பற்றிய சின்னக் கண்டுபிடிப்பாக இருந்தாலும் போதும்.

வைவாவில் புறத்தேர்வாளர் அநேகமாகத் தொடக்கத்திலேயே கேட்பார்: ‘இதில் நீங்கள் புதிதாகக் கண்டது என்ன?’ நன்றாகத் தயாரானவர்களே இந்த இடத்தில் அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். கல்யாண வேலைக்கு நடுவே ஒரு மணி நேரம் ஒதுக்கி, இதற்கான பதிலை இரண்டே வாக்கியத்தில் எழுதி வையுங்கள். அதை மாமாவிடமே ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அவருக்குப் புரிந்தால் தேர்வாளருக்கும் புரியும்.