சரிவு நிலைத்தன்மையைக் கணக்கிட இலவச மென்பொருள் ஏதாவது இருக்கிறதா?

சரிவான மண் நிற்குமா, சரியுமா என்று கணக்கிடும் இலவச மென்பொருள் இருக்கிறது, நாலைந்து உண்டு. கேள்வியைப் பார்த்தால் நீங்கள் எம்.இ. கடைசி வருட புராஜெக்டில் இருப்பீர்கள் என்று தோன்றுகிறது. கல்லூரியில் லைசென்ஸ் முடிந்திருக்கும். விடுதியில் யாரோ கிராக் செய்த பதிப்பை பென்டிரைவில் போட்டு நீட்டியிருப்பார்கள். அதை வாங்காதீர்கள். நாளைக்கு அதே பழக்கத்தோடு வேலைக்குப் போய், அதில் வந்த எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டிவரும்.

பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் ஓடுகிற ஹிர்கான் இலவசம். இருபரிமாணக் கணக்கு, மண்ணைச் செங்குத்துத் துண்டுகளாகப் பிரித்துப் பார்க்கும் பிஷப், ஸ்பென்சர் முறைகள் எல்லாம் அதில் உண்டு. ஒரு புராஜெக்டுக்கு இதுவே போதும். பைத்தான் தெரியும் என்றால் பைஸ்லோப் இருக்கிறது. அது பிஷப் முறை மட்டும்தான், மண் அடுக்குகள் கிடைமட்டமாக இருக்க வேண்டும். ஆனால் நிரலைத் திறந்து ஒவ்வொரு வரியையும் படிக்கலாம், மாணவருக்கு அதைவிட என்ன வேண்டும்? ஒரு மலைப்பகுதியை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஸ்கூப்ஸ்-3டி. மழைநீர் இறங்கி மேல்மண் சரிவதைக் கணக்கிட அதே நிறுவனத்தின் டிரிகர்ஸ்.

எதை எடுத்தாலும் முதலில் ஒரு சோதனைக் கணக்கைப் போடுங்கள். ஆஸ்திரேலியாவில் 1989இல் ஏகாட்ஸ் என்ற பெயரில் மென்பொருள்களைச் சரிபார்க்கக் கொடுத்த கணக்குகளில் முதலாவது இது: 10 மீட்டர் உயரம், கிடையாக இரண்டுக்கு உயரம் ஒன்று என்ற சாய்வு, கோஹீஷன் (மண் துகள்கள் ஒன்றையொன்று ஒட்டிப் பிடிக்கும் வலு) 3 கிலோபாஸ்கல், உராய்வுக் கோணம் (துகள்கள் உரசிச் சரிவைத் தடுக்கும் அளவு) 19.6 பாகை, மண் எடை கனமீட்டருக்கு 20 கிலோநியூட்டன். விடையாக வர வேண்டிய பாதுகாப்புக் காரணி (மண்ணின் வலு சரியவைக்கும் விசையைப் போல எத்தனை மடங்கு என்பது; 1க்குக் கீழே போனால் சரியும்) 1.00. பிஷப்பில் 0.99 வந்தாலும் சரிதான். 1.2 வந்தால் தவறு எங்கேயோ நீங்கள் உள்ளிட்டதில் இருக்கிறது. பிஷப் 1955இல் தந்த சமன்பாட்டில் பாதுகாப்புக் காரணி இரண்டு பக்கமும் வரும், திரும்பத் திரும்பப் போட்டுத்தான் விடைக்கு வர வேண்டும். எக்செலில் பத்து ஸ்லைஸ் (மண் துண்டு) வைத்து ஒருமுறையாவது அதைக் கையால் செய்து பாருங்கள்.

'இலவச மென்பொருளை நம்பி மலையில் வீடு கட்டச் சொல்கிறாயா' என்று சிலர் வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அலுவலகத்தில் நானும் காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில்தான் வேலை செய்கிறேன். ஆனால் நான் செய்த பெரிய தவறு நடந்ததும் அந்த மென்பொருளில்தான்.

குன்னூர் பக்கம் ஒரு வீடு. பின்புறம் 8 மீட்டர் உயரத்துக்கு, ஏறக்குறைய 60 பாகையில் மண்ணை வெட்டியிருந்தார்கள். மார்ச் மாதம் சாம்பிள் எடுத்தோம். லேப் அறிக்கையில் கோஹீஷன் 20, உராய்வுக் கோணம் 26, எடை 18. போட்டேன், பாதுகாப்புக் காரணி 1.4 வந்தது. தற்காலிக வெட்டுதானே, சுவர் கட்டும் வரை நிற்கும் என்று எழுதிக் கொடுத்தேன். சுவர் வேலை தள்ளிக்கொண்டே போனது. நவம்பரில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலையில் அந்த வெட்டில் பாதி சமையலறைச் சுவர்மேல் கிடந்தது. வீட்டுக்காரர் குடும்பம் முந்தின நாளே உறவினர் வீட்டுக்குப் போயிருந்ததால் ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அலுவலகத்தில் மீதி சாம்பிள் ஒன்று மெழுகு பூசிய குழாயில் இருந்தது. அதிலிருந்து எலுமிச்சை அளவு கட்டியை உடைத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டேன். கையால் நசுக்க முடியாத கட்டி. போட்டதும் குமிழ் குமிழாகக் காற்று வந்தது, ஓரங்கள் உதிர்ந்தன, கால் மணி நேரத்தில் செந்நிறச் சேறாக அடியில் உட்கார்ந்துவிட்டது. அப்புறம் லேபுக்குப் போன் செய்து டைரக்ட் ஷியர் சோதனை (மண்ணைக் குறுக்கே நகர்த்தி வலுவை அளப்பது) செய்யும்முன் சாம்பிளை ஊறவைத்தீர்களா என்று கேட்டேன். 'நீங்கள் கேட்கவில்லையே' என்றார்கள். உண்மைதான், நான் கேட்கவில்லை. காய்ந்த மண்ணில் துகள்களுக்கு நடுவே இருக்கும் கொஞ்சம் ஈரம் அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும். அந்தப் பிடி கோஹீஷனாகத் தெரியும், மழையில் போய்விடும். ஊறவைத்துச் செய்ததில் 10தான் வந்தது. அதே கணக்கில் 20ஐ 10 ஆக்கினேன். 0.95. நிலத்தடி நீரைச் சேர்க்காமலே அவ்வளவுதான்.

2009 நவம்பரில் இதே நீலகிரியில் மண்சரிவில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை பதிவானது. அதையெல்லாம் தெரிந்து வைத்திருந்த நானே மார்ச் மாத மண்ணை நம்பி எழுதிக் கொடுத்தேன் என்பதை இன்றும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அதனால் உங்கள் புராஜெக்டில் ஊறவைத்த சாம்பிளின் எண்ணையே போடுங்கள். நீர்மட்டத்தை மூன்று உயரத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்ல வேண்டும், மன்னியுங்கள். முகப்பு வடிவமைப்புக்கு லட்சக்கணக்கில் கொடுப்பவர்கள், மண்ணைச் சோதிக்க இன்னும் ஒரு போர்ஹோல் (துளை) போடலாம் என்றால் பேரம் பேசுகிறார்கள். சுவர் விழுந்த பிறகுதான் மண் இன்ஜினியரைத் தேடுகிறார்கள். அந்த வீட்டில் மண்ணைச் சாய்த்து வெட்டிக் கருங்கல் சுவர் கட்டியபோது, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மேஸ்திரி வீப் ஹோல்களை (சுவருக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைகளை) எல்லாம் சிமென்ட் வைத்து அடைத்துப் பூசிவிட்டார். பின்னால் தேங்குகிற தண்ணீருக்கு வேறு வழியே கிடையாது. நான் நின்று ஒவ்வொன்றாக உளியால் திறக்கவைத்தேன். அழகைக் கெடுத்துவிட்டேன் என்று மேஸ்திரிக்கு இன்னும் வருத்தம்.

இப்போதும் ஐப்பசி மழை பிடித்தால் அந்த வீட்டுக்காரர் ராத்திரி போன் செய்வார். 'சார், சுவர்ல எல்லா ஓட்டையிலயும் தண்ணி கொட்டுது, பரவாயில்லையா?' என்பார். 'கொட்டட்டும் அண்ணே. நின்னுபோச்சுன்னா உடனே கூப்பிடுங்க' என்பேன்.