சூதாட்டமும் ஏமாற்று ஆட்டமும் மேசைமேல் பந்துகளைக் கோலால் குழிகளில் தள்ளி ஆடும் தொழில்முறை பூல் விளையாட்டின் பெயரைக் கெடுக்கின்றனவா?

கெடுக்கின்றன. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

இருவர் ஒருவர் பலத்தை ஒருவர் அறிந்து பணம் வைத்து ஆடினால் அது அவர்கள் பாடு. ஏமாற்றுபவன் வேறு ரகம். குழியின் வாயில் நிற்கும் எளிய பந்தை வேண்டுமென்றே தவறவிடுவான்; சிறு தொகைகளைத் தோற்பான்; எதிராளிக்குத் துணிவு வந்து பந்தயத் தொகை ஏறியதும்தான் கைவரிசையைக் காட்டுவான். ஆட்டம் தெரியாதவர்கள் மனத்தில் பதிந்திருப்பது இந்த முகம்தான். பிள்ளைகளை அந்த மேசைப் பக்கம் அனுப்பப் பெற்றோர் தயங்குவதில் வியப்பில்லை.

உலகப் பட்டத்தை 15 முறை வென்ற அமெரிக்கர் வில்லி மாஸ்கோனி, கோட்டும் டையும் அணிந்து ஆடி இந்தக் கறையைத் துடைக்கப் பாடுபட்டார். 1978இல் தொலைக்காட்சியில், மினசோட்டா ஃபேட்ஸ் என்ற பெயரில் உலவிய பந்தய ஆட்டக்காரரைத் தோற்கடித்தார். ஆயினும் வாய்ச்சாலகத்தால் ஊரைக் கவர்ந்தவர் ஃபேட்ஸ்தான். எனக்கு அது ஆறாத வருத்தம்.

வீரர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. போட்டிப் பரிசுத் தொகை பலருக்கு வயிற்றுக்கே போதாது. பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரெயெஸ் 1985இல் அமெரிக்காவில் தன் பெயரை மறைத்து, சீசர் மொராலெஸ் என்ற பெயரில்தான் ஆடினார். 1999இல் நைன்-பால் என்ற ஒன்பது பந்து பூல் ஆட்டத்தில் உலகச் சாம்பியன் ஆனவரும் அவரே.