நர்ஸம்மா பதில்கள்: கிளிநொச்சிக்கு ஸ்கேன் மெஷின் வாங்கித் தரலாமா?

கேள்வி: எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) காலம் வரைக்கும் கொழும்பில் கடை இருந்தது. அந்த நன்றிக்கு, போரில் அடிபட்ட கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் தாய்மார்களுக்கு ஏதாவது செய்ய நண்பர்கள் எட்டுப் பேர் பணம் சேர்க்கிறோம். ஒரு ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் மெஷின் வாங்கிக் கொடுத்து ஐயா பேரில் கல்வெட்டு வைக்கலாமா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: கொண்டுவிற்கப் போன ஊரை மூன்றாம் தலைமுறையிலும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், மனசு நிறைந்துவிட்டது. ஆனால் மெஷினுக்கு இன்னும் விலை கேட்க வேண்டாம், நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

2009 மே மாதம் போர் முடிந்தபோது, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அடங்கிய வன்னிப் பகுதி மக்கள் கிட்டத்தட்ட 3 லட்சம் பேர் முகாம்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். அதில் பெரியது மெனிக் பாம், அது இருந்த ஊரின் பெயர் செட்டிகுளம், 2012 செப்டம்பரில்தான் அதை மூடினார்கள். அந்த மூன்று வருஷத்திலும் பெண்கள் பிள்ளை பெற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். ஊர் திரும்பினால் வீட்டுக்குக் கூரை இல்லை, வயலில் கண்ணிவெடி, பக்கத்தில் மருத்துவ மாதும் இல்லை.

மருத்துவ மாது என்று அங்கே சொல்வது நம்ம ஊர் கிராம சுகாதார செவிலியர் மாதிரி. சுமார் 3,000 பேருக்கு ஒருவர் என்பது இலங்கையின் கணக்கு. யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, யாருக்குக் கால் வீங்கியிருக்கிறது, எந்தக் குழந்தை எடை ஏறவில்லை, எல்லாம் அவர் பதிவேட்டில் இருக்கும். பிரசவமான பத்து நாளுக்குள் இரண்டு தடவை வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது அங்குள்ள முறை. இந்த ஆள் ஊரைவிட்டுப் போனால் புதுக் கட்டடம் எத்தனை கட்டினாலும் அந்த ஓட்டை அடைபடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிரசவத்துக்குப் பிறகு கடுமையாக ரத்தம் போக ஆரம்பித்தால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உயிர் போய்விடலாம். கல்லல் பக்கம் ஒரு கிராமத்தில் நான் வேலை பார்த்தபோது, ஒரு மழைநாள் ராத்திரி, பிள்ளை பிறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பாய் முழுக்க நனைந்துவிட்டது. மாமியார் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நான் ஒரு கையால் அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டே பிளாஸ்க்கில் ஐஸோடு கொண்டுபோன ஊசியைத் தேடுகிறேன். கர்ப்பப்பை கல் மாதிரி இறுகிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அந்தப் பெண் பிழைத்ததற்குக் காரணம் மெஷின் இல்லை, நான் அந்த ஊரிலேயே குடியிருந்தேன், அவ்வளவுதான்.

கர்ப்பப்பையை இறுக்கி ரத்தத்தை நிறுத்தும் அந்த ஊசியின் பெயர் ஆக்ஸிடோசின், அதை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். கரண்ட் போய்ப்போய் வரும் ஊரில் அது வீரியம் இழந்துவிடும், ஆனால் பார்ப்பதற்கு நல்ல மருந்து மாதிரியே இருக்கும். அதனால் சோலார் ஃபிரிட்ஜ் ஒன்று கொடுத்தால் மெஷினைவிட அதிக உயிரைக் காப்பாற்றும்.

ஊரிலேயே தங்கும் ஆளால் என்ன மாறும் என்பதற்கு இன்னொரு ஊர்க் கதை சொல்கிறேன். ஆப்கானிஸ்தானில் 2002-ல் எடுத்த கணக்குப்படி 1 லட்சம் பிறப்புக்கு 1,600 தாய்மார்கள் இறந்தார்கள். அப்போது நாடு முழுக்கப் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் ஐந்நூறு பேர்கூட இல்லை. அப்புறம் அந்தந்த மலைக்கிராமத்திலிருந்தே பெண்களைத் தேர்ந்தெடுத்து, சுமார் இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து, சொந்த ஊருக்கே அனுப்பினார்கள். ஊர்க்காரப் பெண் என்பதால் வீட்டு ஆண்களும் உள்ளே விட்டார்கள், அவளும் நிலைத்து நின்றாள். சாவு நன்றாகக் குறைந்தது. 2024 டிசம்பரில் பெண்கள் மருத்துவச்சிப் படிப்பு படிக்கக்கூட தாலிபான் தடை போட்டபோது அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, உங்கள் பணத்துக்கு வருகிறேன். முதலில் அந்த மாவட்டத்தின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனைக்கு எழுதி, என்ன குறைகிறது என்று கேளுங்கள். மருத்துவ மாது தங்கும் வீட்டுக்கு உள்தாழ்ப்பாள் போட்ட கழிப்பறை வேண்டும் என்பார்கள், ஸ்கூட்டி வேண்டும் என்பார்கள், மருத்துவ மாது படிப்புக்கு ஆசைப்படும் பிள்ளைக்கு ஹாஸ்டல் பணம் என்பார்கள். கேட்கச் சின்னதாக இருக்கும். அதையே கொடுங்கள். ஐயா பேரை அந்தப் படிப்புச் செலவுக்கு வையுங்களேன், கல்வெட்டைவிட அழகாக இருக்கும்.

கேள்வி: போர் நடக்கும் ஊர்களுக்குப் பால் பவுடர் டின் அனுப்பலாமா? பயத்தில் தாய்ப்பால் வற்றிவிடுமாமே? (வாசகி, காரைக்குடி)

பதில்: வற்றாது அம்மா. பயத்தில் பால் இறங்குவது கொஞ்ச நேரம் தடைப்படும், குழந்தை சப்பச் சப்பத் திரும்ப வந்துவிடும். டின் அனுப்பினால் அங்கே சுத்தமான தண்ணீருக்கும் விறகுக்கும் யார் போவார்கள்? அழுக்குப் பாட்டிலில் கரைத்துக் கொடுத்து வயிற்றுப்போக்கில் குழந்தைகள் போயிருக்கின்றன. தாயில்லாப் பிள்ளைக்குப் பவுடர் வேண்டும்தான், அதை அங்கிருக்கும் மருத்துவப் பணியாளர் பார்த்துக் கொடுக்கட்டும். நாம் தாய்க்குச் சாப்பாடு போடுவோம். நம் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் கொடுக்கிறோமே, அதே எண்ணம்தான்.

கேள்வி: 2022-ல் இலங்கையிலிருந்து படகில் வந்து மறுவாழ்வு முகாமில் இருக்கும் குடும்பத்தில் இரண்டு வயதுக் குழந்தை. தடுப்பூசி அட்டை தொலைந்துபோச்சு. மறுபடி போட்டால் ஆபத்தா? (வாசகர், சிவகங்கை)

பதில்: ஆபத்து இல்லை. அட்டை இல்லையென்றால் போடாத குழந்தையாகவே கணக்கு வைத்து ஆரம்பிப்பார்கள், ஒரு தவணை கூடுதலாகப் போனாலும் கெடுதல் கிடையாது. இடது தோளில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இல்லாவிட்டாலும் ஒரு வயதுக்கு மேல் அதை இங்கே போடுவதில்லை. புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், தாயும் கூடப் போகட்டும், அவருக்கு ரத்தம் எத்தனை இருக்கிறது என்று அப்படியே பார்த்துவிடலாம்.