என் ஆராய்ச்சிக் கட்டுரைகளை மற்றவர்கள் எடுத்துக்காட்டிய மேற்கோள் எண்ணிக்கை 200-கூட இல்லை. அமெரிக்க கிரீன் கார்டுக்கான நேஷனல் இன்ட்ரெஸ்ட் வேவர் மனுவை வக்கீல் இல்லாமல் நானே எழுதிப் போடலாமா?

போடலாம். நாட்டு நலனைக் காட்டிக் கேட்கும் இந்த வகையில் ஐ-140 என்ற குடியேற்ற மனுப் படிவத்தை உங்கள் பெயரில் நீங்களே போட்டுக்கொள்ள சட்டம் இடம் தருகிறது. வேலை கொடுப்பவர் யாரும் முன்னால் நிற்க வேண்டியதில்லை.

நீங்கள் கேட்டிருக்கும் தோரணையைப் பார்த்தால் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிறகான ஆராய்ச்சி வேலை) இரண்டாம் வருஷம், ஹெச்-1பி வேலை விசா, ஊரிலிருந்து போன் போட்டு "எப்ப கிரீன் கார்டு?" என்று கேட்கும் ஒரு சித்தப்பா என்று வைத்துக்கொள்கிறேன். 2018-ல் நானும் அங்கேதான் நின்றேன். முத்துப்பேட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரன். நெல் உப்பை எப்படித் தாங்குகிறது என்பது என் ஆராய்ச்சி. களர்பாலை, குழியடிச்சான் மாதிரி நம் கடலோர நெல் ரகங்களின் வேரைத்தான் படிப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் வக்கீல் இல்லை. "வக்கீல் வேண்டாம்னு சொல்லி ஆளைக் கெடுக்கிறான்" என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், வசதி இருந்தால் வையுங்கள். ஆனால் முதல் வரைவை உங்கள் கையால் எழுதுங்கள். உங்கள் நெல்லைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

மேற்கோள் எண்ணிக்கைக்கு இத்தனை இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. இந்த வகை மனு ஒன்றில் 2016 டிசம்பரில் வந்த தனசார் தீர்ப்புதான் இன்றைக்கும் அளவுகோல். அதில் மூன்று கேள்வி. நீங்கள் செய்யப்போகும் வேலைக்கு மதிப்பும் தேசிய முக்கியத்துவமும் உண்டா? அதை முன்னெடுத்துப் போகிற தகுதி உங்களுக்கு இருக்கிறதா? வேலை கொடுப்பவர், அந்த வேலைக்கு உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்ற தொழிலாளர் சான்றிதழ் என்ற வழக்கமான நடைமுறையைத் தள்ளுபடி செய்வதால் அமெரிக்காவுக்கு லாபமா? மேற்கோள் கணக்கு பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்குத்தான் உதவும். முக்கால்வாசிப் பேர் அதிலேயே முப்பது பக்கம் எழுதிவிட்டு முதல் கேள்வியில் வழுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்தேன்.

மனுப் போட்ட அந்த 2018 செப்டம்பரில் கூடுதல் ஆதாரம் கேட்டு ஆர்.எஃப்.இ. என்ற கடிதம் வந்தது. ஆராய்ச்சிக்கு மதிப்பு உண்டு, தேசிய முக்கியத்துவம் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். 84 நாள் கெடு. கடைசி நாளில் தபாலில் போட்டால் போதாது, அதற்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். டிசம்பர் முதல் வாரம்தானே என்று தங்கச்சி வளைகாப்புக்காக நவம்பரில் ஊருக்கு வந்தேன். அங்கேயே உட்கார்ந்து பதிலை எழுதிவிடலாம் என்று நினைப்பு. 16-ஆம் தேதி விடிகாலை கஜா புயல் அடித்தது.

கரண்ட் போனது போனதுதான், வாரக்கணக்கில் வரவில்லை. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு லோடு வண்டியில் ஜெனரேட்டர் கொண்டு வருவார்கள். மோட்டார் ஓடுகிற நேரத்தில் ஊரே செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடும். ஒரே பிளக் கட்டையில் பத்து போன் தொங்கும், நடுவில் என் லேப்டாப். "இஞ்சினியர் தம்பி, அது ரொம்ப இழுக்குதாம்" என்று கழற்றி விடுவார்கள். நான் இஞ்சினியர் இல்லை என்று சொல்வதை எப்போதோ விட்டாயிற்று.

ஒரு நாள் திண்ணையில் வைத்து அப்பாவுக்குச் சிபாரிசுக் கடித வரைவு ஒன்றைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அந்த வரைவை நாமே எழுதித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது, அது தனிக் கூச்சம். கேட்டுவிட்டு, "பொண்ணு பாக்கப் போறப்ப தரகர் பேசுற மாதிரில்ல இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம மண்ணு உப்பாப் போனா அமெரிக்காக்காரனுக்கு என்னடா?" என்றார்.

ஆர்.எஃப்.இ. நாலு பக்கத்தில் கேட்டதை ஒரே வரியில் கேட்டுவிட்டார். நான் முழுக்க முழுக்க நாகப்பட்டினத்தைப் பற்றி எழுதியிருந்தேன். 2004 சுனாமியில் வயலுக்குள் ஏறிய கடல்தண்ணீர், அதற்குப் பிறகு பொய்த்த சம்பா, எல்லாம் உண்மை. ஆனால் படிக்கிற அதிகாரிக்கு வேண்டியது அவர் நாட்டு வயல். 2005-ல் ரீட்டா புயல் லூசியானாவின் தென்மேற்கு நெல்வயல்களில் கடல்நீரைக் கொண்டுவந்து விட்டதை நான் எங்குமே சொல்லவில்லை. தஞ்சாவூருக்குப் பஸ் ஏறி, ஒரு லாட்ஜில் அறை எடுத்து, இரண்டு ராத்திரியில் பதிலை லூசியானாவிலிருந்து தொடங்கித் திருப்பி எழுதினேன். லூசியானாவில் நெல் ஆராய்ச்சியில் இருக்கும், நான் நேரில் பார்த்தே இராத ஒருவர் என் கட்டுரையைப் பயன்படுத்தியிருந்தார். அவருக்கு மின்னஞ்சல் போட்டுக் கடிதம் வாங்கினேன். கூட வேலை செய்தவர் தரும் கடிதத்தைவிட அப்படிப்பட்டவர் கடிதத்துக்குக் கனம் அதிகம். பதில் போய்ச் சேர்ந்தபோது கெடுவுக்கு இரண்டு நாள் பாக்கி.

இதே வாரத்தில்தான் எங்கள் தென்னந்தோப்பைக் கணக்கெடுக்க வந்தார்கள். விழுந்த மரத்துக்கு, வெட்டி அகற்றும் கூலியையும் சேர்த்து 1,100 ரூபாய். குருத்து முறிந்து மொட்டையாக நின்ற மரங்களை வந்தவர் எண்ண மாட்டேன் என்றார். "நிக்குதுல்ல" என்றார். குருத்து போன தென்னை அப்புறம் எங்கே காய்க்கும்? சிட்டா, அடங்கல் எல்லாம் எடுத்து நீட்டிய அப்பா ஒன்றும் பேசாமல் மடித்து உள்ளே வைத்துவிட்டார். எனக்கு 84 நாள் அவகாசம் கொடுத்த அரசாங்கமாவது என்ன குறை என்று எழுதிக் கேட்டது. சரி, இது உங்கள் கேள்வியில் இல்லை.

மனு 2019-ல் தேறியது. தேறியதும் கார்டு வந்துவிடாது. எந்த ஒரு நாட்டுக்கும் மொத்த கிரீன் கார்டில் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பதால், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இந்த மனு சேரும் இ.பி.2 என்ற பிரிவின் வரிசை பத்து வருஷத்துக்கும் மேலே நீள்கிறது. பார்ப்பது குடியுரிமையை இல்லை, பிறந்த நாட்டை. கூட வேலை பார்த்த மாயவரத்துக்காரர் ஒருவருக்கு மனைவி சிங்கப்பூரில் பிறந்தவர். மனைவி பிறந்த நாட்டுக் கணக்கில் வரிசையே இல்லாமல் போய்விட்டார். நம் பக்கத்தில் சிங்கப்பூர் சம்பந்தம் சகஜம்தானே, விசாரித்துப் பாருங்கள்.

எனக்கு அந்த யோகம் இல்லை. பிறகு பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலை கிடைத்ததும் அவர்கள் வழியாக, சிறந்த ஆராய்ச்சியாளர்களுக்கான இ.பி.1பி போட்டேன். ஆறு அம்சங்களில் இரண்டு காட்டினால் அந்தப் படியைத் தாண்டலாம், மூன்று வருஷ ஆராய்ச்சி அனுபவமும் வேண்டும். பழைய மனுவைப் போட்ட 2018 தேதியையே இதற்கும் வரிசைத் தேதியாக எடுத்துக்கொண்டார்கள், அதனால் 2024-ல் முடிந்தது. சீக்கிரம் போடுங்கள் என்று நான் சொல்வதே அந்தத் தேதிக்காகத்தான். இப்போது கட்டணம் 715 டாலர், சொந்தமாகப் போடுபவர் அதன்மேல் 300 கட்ட வேண்டும்.

அதற்கு முன்னால் உங்கள் பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். என் கட்டுரைகளில் ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், மீதியில் அப்பா பெயர்தான் குடும்பப் பெயர். மேற்கோள்கள் மூன்று ஆட்களுக்குப் பிரிந்து கிடந்தன, மூவரும் நானே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுத வேண்டியிருந்தது. அங்கே ஆய்வகத்தில் இன்றைக்கும் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவரிடம் சொன்னேன், "மரியாதையாக் கூப்பிடுறானுவளா?" என்று கேட்டார்.