கீமோ, செபம், நேர்த்தி: கேட்டவர்களுக்குப் பதில்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. நான் புற்றுநோய் வாட்டில் வேலை செய்து ஓய்வு பெற்ற தாதி, கத்தோலிக்கப் பெண். மருந்தின் அளவைக் கூட்டுவது, குறைப்பது பற்றி உங்கள் கிளினிக்கில் கேளுங்கள். ஒன்றை மட்டும் முதலே சொல்லிவிடுகிறேன். கீமோ எடுக்கிறவருக்கு 100.4 பாகை காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு படுக்கக்கூடாது. அன்றே ஆஸ்பத்திரி.

பரந்தன்: அக்கா, அம்மாவுக்கு மார்பில் கட்டி. ஒபரேஷனுக்கு ஜூலையில் திகதி கிடைத்திருக்கிறது. மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறா. ஆவணித் திருவிழா முடியத்தான் வருவேன் என்கிறா.

தங்கச்சி, திகதியைத் தவறவிடாதீர்கள். மடுவுக்குத் திருவிழாவன்றுதான் போகவேண்டுமென்றில்லை. ஒபரேஷனுக்கு முன் ஏதாவது ஒரு நாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். பங்குத்தந்தையிடம் நோயிற்பூசுதலும் (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிப்பது) கேளுங்கள். அது சாகக் கிடக்கிறவருக்கு மட்டும் என்று எங்கள் சனம் இன்னும் பயப்படுகிறது. பெரிய சத்திரசிகிச்சைக்கு முன் அதைப் பெறுவது பொருத்தம் என்றே திருச்சபை போதிக்கிறது. ஆகஸ்ட் 15க்கு உடம்பு இடம் கொடுத்தால் நன்றி சொல்லப் போகட்டும்.

பயொப்சி (கட்டியில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனை) அறிக்கையில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று முடிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒபரேஷனுக்குப் பிறகு ஹோர்மோன் மாத்திரை தேவையா என்பதை முதல் இரண்டும், ஹெர்-2வுக்கான தனி மருந்து தேவையா என்பதை மூன்றாவதும் சொல்லும். ஹோர்மோன் மாத்திரையை ஐந்து வருடமோ அதற்கு மேலோ போடவேண்டி வரும். சுகமாக இருக்கிறேன் என்று இடையில் விடக்கூடாது.

ஒட்டுசுட்டான்: அன்னமுன்னா இலை அவித்துக் குடிக்கலாமா?

கீமோ நடக்கும்போது வேண்டாம். ஆய்வுகூடத்தில் புற்றுநோய்க் கலங்களில் பார்த்ததை வைத்துப் பரவிய கதை அது. நோயாளியைச் சுகப்படுத்தியதற்கு ஆதாரமில்லை.

முழங்காவில்: சகோதரி, ஆசா ராஜா தன் வியாதியில் கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களைத் தேடினான், மரித்தான் (2 நாளாகமம் 16:12). விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு?

அந்த வசனத்தில் குற்றம் கர்த்தரைத் தேடாததுதான். சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவைப் பாருங்கள். அழுது செபித்தார், ஆண்டவர் 15 வருடம் கூட்டிக் கொடுத்தார். அதே அதிகாரத்திலேயே ஏசாயா அத்திப்பழ அடையைப் புண்ணில் வைக்கச் சொல்கிறார் (ஏசாயா 38). பவுலோடு கூடத் திரிந்த லூக்கா வைத்தியர்.

முழங்காவில்: விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்று யாக்கோபு 5:15 சொல்கிறதே?

சொல்கிறது, நானும் நம்புகிறேன். மாத்திரையை எறி என்று அங்கே எங்கே இருக்கிறது? தன் உடம்பில் இருந்த முள் நீங்கவேண்டுமென்று பவுல் மூன்று முறை கேட்டார், நீங்கவில்லை. பவுலுக்கு விசுவாசம் காணாது என்பீர்களா?

ஒரு செபக்கூட்டத்தில் ‘சுகம் கிடைத்துவிட்டது’ என்று சொல்லி மருந்தை நிறுத்தவைக்கப்பட்ட ஒரு பெண், மாதங்கள் கழித்து எங்கள் வாட்டுக்கு வந்தா. மார்புக் கட்டி உடைந்து, துவாயால் பொத்திக்கொண்டு வந்தா. துவாய் புண்ணோடு ஒட்டியிருந்தது, சேலைன் விட்டு நனைத்து நனைத்துத்தான் எடுத்தோம். அப்போதும் அவ நோவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “எனக்கு விசுவாசம் காணாமல் போச்சோ மிஸி?” என்றுதான் கேட்டா. நோயாளியின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்றுகிறவர்கள் யாராக இருந்தாலும் எனக்குக் கோபம் வரும்.

மாங்குளம்: நாங்கள் மிஷன் சபை. எங்கள் போதகரே கிளினிக்குக்கு வான் பிடித்துத் தருகிறார்.

அவருக்கு என் வணக்கம். அமெரிக்க மிஷனில் 1847இல் வந்த டொக்டர் கிறீன் மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். நற்செய்தியும் மருந்தும் எங்கள் மண்ணுக்குச் சேர்ந்தே வந்தவை. முழங்காவில் சகோதரர் இதையும் யோசிக்கட்டும்.

அடம்பன்: அன்னமுன்னா இலை...

மேலே சொல்லிவிட்டேன்.

புதுக்குடியிருப்பு: அப்பாவுக்கு ஈரலுக்கும் பரவிவிட்டது. அவருக்கு நாங்கள் இன்னும் சொல்லவில்லை. அவரோ இனிக் கீமோ வேண்டாம் என்கிறார். நிறுத்தினால் தற்கொலைப் பாவமா?

பாவமில்லை. பலனை விடப் பாரம் கூடிய சிகிச்சையை ஏற்கவேண்டிய கடமை இல்லை என்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957இலேயே தெளிவாகச் சொன்னார். நோவுக்கு மோர்பின் கொடுப்பதற்கும் தடையில்லை.

ஆனால் தன் நிலைமை தெரியாத மனிதர் எதை வைத்து முடிவெடுப்பார்? டொக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தக் கீமோ சுகப்படுத்தவா, வாழ்நாளைக் கூட்டவா? எடுக்காவிட்டால் நோவை எப்படிப் பார்ப்பீர்கள்? பிறகு அப்பாவிடம், “உங்கட வருத்தத்தைப் பற்றி எவ்வளவு தெரிஞ்சுகொள்ள விருப்பம்?” என்று கேளுங்கள். அவர் கேட்கிற அளவுக்கு உண்மையைச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் ஒளித்துக் கதைப்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஒப்புரவாக வேண்டியவர்கள், காணி எழுத்து, பாவசங்கீர்த்தனம் என்று அவருக்கும் முடிக்கவேண்டிய வேலைகள் இருக்கும். அதற்கான நாட்களை அவரிடமிருந்து பறிக்காதீர்கள்.

விசுவமடு: அக்கா, மனிசிக்குக் கீமோ ஏற்றி எட்டாம் நாள். இப்போது 101 காய்ச்சல். வீட்டில் செபக்கூட்டம் நடக்கிறது, முடிந்த பிறகு கொண்டுபோகலாமா?

காத்திருக்க வேண்டாம், இப்போதே போங்கள். அவவுக்கு வெள்ளைக் கலங்கள் குறைகிற நாட்கள் இவை. 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள், காசு இல்லை. கிளினிக் கொப்பியை எடுங்கள். வாசலிலேயே “கீமோ எடுக்கிறவ, காய்ச்சல்” என்று சொல்லுங்கள், வரிசையில் இருத்த விடாதீர்கள். வந்தவர்கள் வீட்டிலிருந்து செபிக்கட்டும்.