நொதியம் ஏவற்சக்தியைக் குறைத்தால், தாக்கத்தில் வெளிவரும் சக்தியும் குறையுமா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விசயம். உயிர்க்கலத்தில் தாக்கங்களை விரைவாக்கும் புரதமான நொதியம், தாக்கம் நடக்கக் கடக்கவேண்டிய சக்தித் தடையான ஏவற்சக்தியைக் குறைக்கிறது என்றால் வெளிவரும் சக்தியும் குறைந்துதானே ஆகவேண்டும் என்பது ஒன்று. முளைக்கப் போட்ட நெல்லுச் சாக்குக்குள் கையை விட்டால் சுடுகிறதே, அது மாப்பொருளை உடைக்கும் அமைலேசு என்ற நொதியம் தரும் சூடா என்பது மற்றது.

முதலாவதுக்குப் பதில்: ஒரு யூல்கூடக் குறையாது. இரண்டாவதுக்கு: இல்லை, அது சுவாசத்தின் சூடு. கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் வருசா வருசம் சறுக்குகிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ஒரு தாக்கத்தின் சக்தி மாற்றம் தொடக்கத்தில் என்ன இருந்தது, முடிவில் என்ன இருக்கிறது என்ற இரண்டை மட்டுமே பொறுத்தது. இடையில் எந்த வழியால் வந்தது என்பது கணக்கில் இல்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வயலைவிட உயரத்தில் நிற்கிறது. கட்டு தடுப்பதால்தான் இறங்காமல் நிற்கிறது. கட்டுக்கு மேலால் வந்தாலும் சரி, மதகான துருசைத் திறந்து வாய்க்காலால் வந்தாலும் சரி, குளத்து மட்டத்துக்கும் வயலுக்கும் உள்ள உயர வித்தியாசம் மாறாது. ஏவற்சக்திதான் அந்தக் கட்டு. நொதியம் துருசு. ஆனால் இந்த உவமையை இதற்குமேல் இழுக்காதீர்கள். துருசு ஒரு பக்கம்தான் தண்ணீர் விடும். நொதியமோ முன்தாக்கத்தையும் பின்தாக்கத்தையும் ஒரே மடங்கால் விரைவாக்கும். அதனால்தான் சமநிலை எட்டப்படும் நேரம் மாறுகிறதே தவிர, சமநிலை நிற்கும் இடம் மாறுவதில்லை.

வேகம் வேறு, சக்தி வேறு என்பதைப் பார்க்க வயலுக்கு எறியும் யூரியாவே போதும். யூரியாவைச் சுத்தமான தண்ணீரில் கரைத்து அறை வெப்பநிலையில் வைத்தால், அது அமோனியாவாகச் சிதைய ஆண்டுக்கணக்கில் எடுக்கும். அதே யூரியா ஈர மண்ணில் விழுந்தால் சில நாட்களிலேயே சிதைந்துவிடுகிறது, ஏனென்றால் மண்ணில் நுண்ணங்கிகள் விட்ட யூரியேசு என்ற நொதியம் இருக்கிறது. பசளை எறிந்த பிறகு தண்ணீர் சரியாகக் கட்டாத வயலில் மூக்கைக் குத்தும் அமோனியா மணம், காசு கொடுத்து வாங்கிய நைதரசன் காற்றோடு போகிற மணம். இரண்டு இடத்திலும் தாக்கம் ஒன்று, ஒரு மோல் யூரியா சிதையும்போது வரும் சக்தி மாற்றமும் ஒன்று. முதன்முதலில் பளிங்காக்கப்பட்ட நொதியமும் இந்த யூரியேசுதான். ஜேம்ஸ் சம்னர் 1926இல் அவரையினத்து விதையொன்றிலிருந்து அதைப் பிரித்து, நொதியம் ஒரு புரதம் என்று காட்டினார். அதற்கு நோபல் பரிசு கிடைக்க 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நொதியம் எவ்வளவு தூரம் விரைவாக்கும் என்று கேட்டால் நம்பவே முடியாது. உடலில் டிஎன்ஏ, ஆர்என்ஏ ஆக்கத் தேவையான பைரிமிடின் தயாரிக்கும் பாதையில் ஒரு காபனீரொட்சைட்டை அகற்றும் படி ஒன்று உண்டு. நொதியம் இல்லாவிட்டால் அந்தப் பொருளில் பாதி மாறுவதற்கு ஏறத்தாழ 7 கோடியே 80 லட்சம் வருடம் எடுக்கும் என்று ரிச்சர்ட் வுல்ஃபென்டனும் அவருடைய கூட்டாளியும் 1995இல் அளந்து காட்டினார்கள். நொதியம் இருந்தால் அது ஒரு செக்கனுக்குள் முடிகிற வேலை.

இப்போது நெல்லுச் சாக்குக்கு வருவோம். ஊறிய விதைநெல்லை வடித்துச் சாக்கில் கட்டி, மேலே ஈரச் சாக்கோ வைக்கோலோ போட்டு மூடிவிடுவோம். மறுநாள் கையை உள்ளே விட்டால் ஓரம் குளிர்ந்திருக்கும், நடு சுடும். உள்ளே நடப்பது இது: நீர் குடித்த முளையம் ஜிபரெலின் என்ற ஓமோனைச் சுரக்கிறது, அது மாப்பொருளைச் சூழ்ந்திருக்கும் அலியூரோன் படைக்குப் போய் அமைலேசைத் தயாரிக்கச் சொல்கிறது, அமைலேசு மாப்பொருளை நீர்ப்பகுத்து வெல்லமாக்குகிறது. நாலைந்து நாள் முளைத்த மணியை நசுக்கினால் பால்போல வடியும், மென்றால் இனிக்கும். இந்த நீர்ப்பகுப்பில் வெளிவரும் சக்தி மிகச் சிறியது. அதை வைத்துச் சாக்குச் சூடாகாது.

சூடு அடுத்த கட்டத்தில்தான் வருகிறது. ஒரு மோல் குளுக்கோசு ஒட்சிசனோடு முழுதாகத் தாக்கமடைந்து காபனீரொட்சைட்டும் நீருமாகும்போது, நியம நிலையில் சுயாதீன சக்தி, அதாவது வேலைக்குப் பயன்படக்கூடிய சக்தி, ஏறத்தாழ 2870 கிலோயூலால் இறங்குகிறது. கலம் இதை ஒரே மூச்சில் விடுவதில்லை. கிளைக்கோபகுப்பு, கிரெப்சின் வட்டம், இழைமணி மென்சவ்வில் இலத்திரன் கடத்தல் என்று பல படிகளாக இறக்கி, ஒரு குளுக்கோசு மூலக்கூறுக்கு 30 முதல் 32 வரையான ஏடிபி (ATP, கலம் வேலைக்குச் செலவழிக்கும் சக்தி மூலக்கூறு) ஆக்குகிறது. ஏடிபி ஒரு மோல் நீர்ப்பகுக்கப்படும்போது 30.5 கிலோயூல். பெருக்கிப் பாருங்கள், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். மற்ற இரண்டு பங்கும் வெப்பம். உங்கள் கையில் சுட்டது அது.

ஏடிபி பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. ‘பொசுபேற்றுப் பிணைப்பு உடையும்போது சக்தி வெளிவருகிறது’ என்று பல குறிப்புகளில் எழுதியிருக்கிறார்கள். எந்தப் பிணைப்பை உடைக்கவும் சக்தி கொடுக்கத்தான் வேண்டும். ஏடிபியில் மறையேற்றம் கொண்ட பொசுபேற்றுக்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இருக்கின்றன. நீரோடு தாக்கமடைந்த பிறகு, ஏடிபி ஒரு பொசுபேற்றை இழந்து வரும் ஏடீபியும் (ADP) தனிப் பொசுபேற்றும் அதைவிடக் கூடிய உறுதியானவை: தள்ளுகை குறைகிறது, நீர்மூலக்கூறுகள் நன்றாகச் சூழ்ந்துகொள்கின்றன, புதுப் பிணைப்புகளும் உண்டாகின்றன. உடைத்தல், ஆக்கல் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்த மிச்சம்தான் அந்த 30.5.

அந்த மிச்சத்தைச் சும்மா விட்டால் அது வெறும் வெப்பம். நொதியத்தின் உண்மையான கெட்டித்தனம் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். குளுக்கோசையும் பொசுபேற்றையும் இணைத்து குளுக்கோசு-6-பொசுபேற்று ஆக்குவதற்கு 13.8 கிலோயூல் வேண்டும், தானாக நடக்காது. எக்சோகைனேசு என்ற நொதியம் அதை ஏடிபியின் நீர்ப்பகுப்போடு இணைத்துவிடுகிறது. 13.8இலிருந்து 30.5ஐக் கழித்தால் சக்தி 16.7 கிலோயூலால் இறங்குகிறது, ஆகவே தாக்கம் முன்னே போகிறது. எப்படி இணைக்கிறது? குளுக்கோசு, நொதியத்தில் தாக்கம் நடக்கும் இடமான உயிர்ப்பு மையத்தில் வந்து உட்கார்ந்ததும் நொதியத்தின் இரண்டு மடல்களும் அதைச் சுற்றி மூடிக்கொள்கின்றன, நீர் வெளியே தள்ளப்படுகிறது. நீர் இல்லாததால் பொசுபேற்று வீணே நீருக்குப் போகாமல் நேரே குளுக்கோசுக்குப் போகிறது. சக்தியின் அளவில் நொதியம் கை வைக்கவில்லை. அது எங்கே போகவேண்டும் என்பதைத்தான் தீர்மானித்தது.

சாக்கை இறுக்கிக் கட்டிப் பிரட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பது விதைக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்: கள்ளுப்போல ஒரு மணம் வரும். நடுவில் ஒட்சிசன் தீர்ந்து, குளுக்கோசு எதனோலாக மாறத் தொடங்கிவிட்டது. அந்த வழியில் நியம நிலையில் 235 கிலோயூல் அளவுதான் இறங்கும், ஏடிபி இரண்டே இரண்டு. மிச்சச் சக்தி தொலையவில்லை, எதனோலுக்குள்ளேயே இருக்கிறது. இங்கே சக்தி மாற்றம் குறைந்ததற்கு நொதியம் காரணமில்லை. முடிவுப் பொருள் வேறாகிவிட்டது. நெல்லால் இந்த இரண்டு ஏடிபியை வைத்துக்கூட நீருக்கடியில் கொஞ்சம் முளைக்க முடியும். ஆனால் முளைக்குருத்தை மூடியிருக்கும் குருத்துறை நீளுமே தவிர வேர் வராது. தண்ணீர் நிற்கும் பள்ள வயலில் பயிர் பிடிக்காமல் மிதப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவித்த நெல்லையும் நினைத்துப் பாருங்கள். மாப்பொருள் அப்படியே இருக்கிறது, எரித்தால் ஏறத்தாழ அதே வெப்பம் வரும். ஆனால் முளையம் செத்து, நொதியங்கள் வடிவம் குலைந்துவிட்டன. எவ்வளவு ஈரத்தில் போட்டாலும் முளைக்காது.

இதைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்து பார்க்கலாம். மூன்று நாள் முளைத்த நெல்லைக் கொஞ்சத் தண்ணீரோடு இடித்து, துணியால் வடித்து, தெளியவிட்டு மேல்நீரை எடுங்கள். அதில் பாதியைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். இரண்டு சோதனைக் குழாயில் ஒரே அளவு ஐதான மாப்பொருட் கரைசல் எடுத்து, ஒன்றுக்குக் கொதித்த சாறும் மற்றதுக்குக் கொதிக்காத சாறும் விடுங்கள். அயடீனைக் குழாய்க்குள் ஊற்ற வேண்டாம். சில நிமிடத்துக்கு ஒருக்கால் ஒவ்வொரு துளி எடுத்து வெள்ளை ஓட்டில் அயடீனோடு சேருங்கள். ஒரு பக்கம் நீலம் மங்கிக்கொண்டு போகும், மற்றப் பக்கம் மாறாது. பிறகு இரண்டுக்கும் ஒரே வரைபில் சக்தி வளையி (தாக்கம் போகப்போகச் சக்தி ஏறி இறங்குவதைக் காட்டும் கோடு) வரையுங்கள். இரண்டு வளையியும் ஒரே உயரத்தில் தொடங்கி ஒரே உயரத்தில் முடிய வேண்டும். புள்ளி வெட்டுப்படுவது பெரும்பாலும் அங்கேதான்.